சுத்தியலுக்கு எட்டிய அலை

2019ஆம் ஆண்டு மே திங்களின் கடைசி நாட்களில் உலகத்தை ஒரு கேள்வி உலுக்கிற்று. போர் மூண்டதா என்றல்ல, பொன் விலை ஏறிற்றா என்றல்ல. "நேசமணி நலமா?" என்பதே அந்தக் கேள்வி!

யார் அந்த நேசமணி? எந்த நாட்டு மன்னர்? எந்தப் படைக்குத் தளபதி? எவரும் அல்லர். வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர். அவரும் மண்ணில் பிறந்தவர் அல்லர். வெள்ளித் திரையில் பிறந்தவர். 2001ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நடிகர் வடிவேலு ஏற்ற வேடம் அது. மேலிருந்து ஒரு சுத்தியல் அவர் தலையில் விழும். கொட்டகை குலுங்கிச் சிரிக்கும். அவ்வளவுதான் கதை.

பதினெட்டு ஆண்டு கழித்து, பாகிஸ்தானிலிருந்து நடத்தப்படும் பொறியியல் பக்கம் ஒன்று, ஃபேஸ்புக்கில் சுத்தியலின் படத்தை வெளியிட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னார். சொன்னவர் சும்மா இருப்பாரா? இது விழுந்துதான் நேசமணிக்குத் தலையில் அடிபட்டது என்றும் சேர்த்துச் சொன்னார். இன்னொருவர் உடல்நிலை விசாரித்தார். மற்றொருவர் மருத்துவமனைச் செய்தி வெளியிட்டார். பிறகென்ன! நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற முழக்கம் டுவிட்டரில் கடல் கடந்தது. மே 30ஆம் நாள் டில்லியில் தலைமை அமைச்சர் இரண்டாம் முறை பதவி ஏற்றுக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் அவருக்குப் போட்டியாக உலகப் பேச்சில் நின்றவர், அரியணை ஏறாத, அடிபட்ட, ஆளே இல்லாத நேசமணி!

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமைதான். மூன்று மணி நேரம் ஆடி முடித்தாலும் மூன்றாம் வரிசைக்கு எட்டாத வசனம் உண்டு. ஒரு சுத்தியலோ ஒரே இரவில் உலகைச் சுற்றி வந்துவிட்டது. தமிழனின் நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறு வேண்டியதில்லை. சிரித்தோம், நன்றாகவே சிரித்தோம். அதில் குற்றம் ஏதும் இல்லை.

ஆனால், தோழர்களே, அடுத்த காட்சியையும் பாருங்கள்.

ஈராண்டு கழிந்தது. 2021. கொரோனாப் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளைப் பூட்டியிருந்த காலம். பாடம் கைப்பேசியில் நடந்தது. நாமக்கல் மாவட்டத்தில் இராசிபுரத்தை அடுத்த மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், மாணவர்கள் ஆலமரத்தில் ஏறினார்கள். கனி பறிக்கவா? கிளி பிடிக்கவா? இல்லை, பாடம் படிக்க! தரையில் கிடைக்காத அலை கிளையில் கிடைத்தது. கிளைக்கொரு பிள்ளையாக அமர்ந்து, ஒரு கையால் கொம்பைப் பற்றி, மறு கையால் கணக்குப் பாடத்தைப் பற்றி, காற்றில் ஆடியபடி கற்றார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தோம், "ஐயோ பாவம்" என்றோம், பக்கத்தைப் புரட்டினோம்.

இல்லாத தலையில் விழுந்த சுத்தியலுக்காக உலகம் திரண்டது. இருக்கும் பிள்ளை மரத்திலிருந்து விழுந்துவிடக் கூடாதே என்று திரண்டவர் எத்தனை பேர்? சுத்தியலுக்கு எட்டிய அலை, சிற்றூருக்கு ஏன் எட்டவில்லை?

மலைதான் தடை என்பார்கள். உண்மைதான். அலைபரப்பும் கோபுரத்தின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. ஒரு முகட்டில் கோபுரம் நின்றால், அடுத்த பள்ளத்தில் இருக்கும் குடிசைக்கு அது முதுகைத்தான் காட்டும். கொல்லிமலையோ மடிப்பு மடிப்பாக அமைந்த மலை. அங்கே ஊராட்சிகளுக்குப் பெயரே 'நாடு' என்று முடியும்: வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேளூர்நாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு. நாட்டுக்கு நாடு எல்லை தாண்டக் கைப்பேசி அலைக்குக் கடவுச்சீட்டு வேண்டும் போலும்!

ஆனால் மலை நேற்று முளைத்ததா? காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளை அந்த மலையின் நெஞ்சில் வெட்டிப் பாதை போட்டவர்கள் மனிதர்கள்தாமே! பாறை தடுத்தது என்று பாதையை விட்டுவிட்டார்களா? பாறைக்கு வெடி வைத்தவர்கள், அலைக்கு வழி வைக்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

இதிலே இன்னொரு வேடிக்கை. கொல்லிமலையை இணையம் மறந்துவிட்டதா என்றால், இல்லவே இல்லை! எழுபது வளைவிலும் இருசக்கர வண்டியில் சாய்ந்து செல்லும் இளைஞரின் படம் இருக்கிறது. ஆகாய கங்கை அருவி கொட்டும் படம் இருக்கிறது. "கொல்லிமலை மர்மம்", "சித்தர் குகை இரகசியம்" என்று நடுங்கும் குரலில், நள்ளிரவு இசையோடு, நாள்தோறும் அவிழ்க்கப்படும் மூட்டைகள் இருக்கின்றன. அந்த மலையில் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் கூலி என்ன, குழந்தைகளின் பள்ளி எங்கே, சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளில் மரவள்ளி புகுந்தது எதனால் என்று கேட்டால், அது இரகசியத்தில் சேராது. ஆகவே அதைக் கேட்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. உலகம் மலையைப் பார்க்கிறது. மலைதான் உலகைப் பார்க்க முடியாமல் மரம் தேடுகிறது!

கொல்லியில் ஒரு பாவை உண்டு என்பது பழந்தமிழர் சொன்ன சேதி. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் பெயர் வருகிறது. தெய்வம் செய்த பாவையாம். காற்று அடித்தாலும், மழை பொழிந்தாலும், நிலமே நடுங்கினாலும் எழில் குன்றாதவளாம். பின்னால் எழுந்த கதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: சிரித்து மயக்குவாள், மயங்கி நெருங்குவோரின் உயிரைக் குடிப்பாள் என்கிறது. நான் பாவையை நம்புகிறவன் அல்லன். ஆனால் கதை கட்டியவனின் அறிவை மெச்சுகிறவன். ஏனெனில் அந்தப் பாவை இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் குடியிருக்கிறாள்!

தொட்டால் சிரிக்கிறாள், தள்ளினால் அடுத்த சிரிப்பு, மேலும் தள்ளினால் மேலும் சிரிப்பு. தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் பக்கத்தை 2006ஆம் ஆண்டு வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். செய்துவிட்டோமே என்று பின்னாளில் அவரே வருந்தினார். கொல்லிமலைப் பாதைக்காவது எழுபதோடு வளைவு முடியும். அவர் போட்ட பாதைக்கு முடிவே கிடையாது! ஆஸ்திரேலிய நாடு, பதினாறு அகவை நிரம்பாதோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2025 டிசம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாவையின் சிரிப்புக்கு அஞ்சுவோர் கடல் கடந்தும் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

எனினும் என் கவலை அவள் சிரிப்பைப் பற்றியதன்று. சிரிக்கும் பாவையைப் பார்க்காமல் இருந்துவிடலாம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. ஆனால் அந்தப் பாவையைக் கொண்டுபோய் அரசாங்கத்தின் வாயிற்காவலாக நிறுத்திவிட்டார்களே, அதுதான் என் கவலை! அரிசிக் கடை வாயிலில் அவள். வங்கி வாயிலில் அவள். ஓய்வூதிய வாயிலில் அவள். அவள் தலையசைத்தால் உள்ளே போகலாம். அவள் வாய் திறவாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

காட்சி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அடிவாரத்து அலுவலகம். மலையிலிருந்து இறங்கி வந்த மூதாட்டி; மேசைக்குப் பின்னால் இளைஞரான அலுவலர்; இருவருக்கும் நடுவே கருவி.

அலுவலர்: சற்றுப் பொறுங்கள் பாட்டி, கருவி சுற்றிக்கொண்டிருக்கிறது.

பாட்டி: எங்கே சுற்றுகிறது தம்பி?

அலுவலர்: இங்கேயேதான், வட்டமாக.

பாட்டி: நானும் எழுபது வளைவு சுற்றித்தான் வந்தேன். கிழவி வந்து சேர்ந்துவிட்டேன், அதற்கு இன்னுமா வழி தெரியவில்லை?

அலுவலர்: இதோ, வந்துவிட்டது. விரலை வையுங்கள். ரேகை தெரியவில்லை என்கிறதே!

பாட்டி: அறுபது ஆண்டு மண்ணைக் கிளறிய விரல் தம்பி. ரேகையை மண் வாங்கிக்கொண்டது.

அலுவலர்: அப்படியானால் நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன சான்று?

பாட்டி: உனக்கு என்னைத் தெரியாதா?

அலுவலர்: தெரியாமல் என்ன பாட்டி, சிறு பிள்ளையிலிருந்தே தெரியும்.

பாட்டி: பிறகென்ன?

அலுவலர்: எனக்குத் தெரிந்து பயனில்லை. கருவிக்குத் தெரிய வேண்டும்.

திரை விழுகிறது. சிரிப்பதா, அழுவதா?

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்திய திங்கள்களில், மறைந்த முதலமைச்சர்கள் கலைஞர் கருணாநிதி, செல்வி ஜெயலலிதா இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மீண்டும் ஒலிக்கச் செய்ததை நாடு கேட்டது. என்னே விஞ்ஞானத்தின் ஆற்றல்! மறைந்தவரைப் பேச வைக்கத் தெரிந்த கருவிக்கு, உயிரோடு எதிரில் நிற்கும் ஒரு பாட்டியை அடையாளம் காட்டத் தெரியவில்லை!

கற்பனையை விடுங்கள், நடந்ததைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில், பதினோர் அகவைச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டது, அரிசி நின்றது, பட்டினியால் மகள் மாண்டாள் என்றார் தாய். பட்டினியன்று, நோய் என்றது அரசுத் தரப்பு. நோய் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் அரிசி இல்லாமற்போனதற்கு எந்த நோய் காரணம்?

நூறு நாள் வேலைத் திட்டத்தின் கதையையும் கேளுங்கள். பணியிடத்தில் தொழிலாளர்களை நாளுக்கு இருமுறை படம் பிடித்துக் கைப்பேசிச் செயலி வழியாக அனுப்ப வேண்டும் என்ற விதி, 2023 சனவரி முதல் நாள் தொட்டு நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. மண்வெட்டி பிடித்தவர், முதலில் படத்துக்கு நின்றாக வேண்டும். படம் ஏறாவிட்டால் வருகை ஏறாது. வருகை ஏறாவிட்டால் கூலி ஏறாது. ஊழலை ஒழிக்க வந்த விதி என்றார்கள். ஒழிந்ததா? 2025 சூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விடுத்தது. தொடர்பில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், பட்டியலில் இருக்கும் ஆட்களும் படத்தில் இருக்கும் ஆட்களும் வேறு வேறு என்று அந்த அறிக்கையே அடுக்கிற்று! ஏய்க்கத் தெரிந்தவன் படத்தைப் படம் பிடித்துப் பிழைத்துக்கொண்டான். ஏய்க்கத் தெரியாதவள், அலை கிடைக்காத பள்ளத்தில் உண்மையாகவே மண் வெட்டியவள், அவள் அல்லவா அகப்பட்டுக்கொண்டாள்! அந்த வேலைத் திட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றிற்று. சட்டத்தின் பெயர் மாறலாம். பாவையை வாயிலில் நிறுத்தும் பழக்கம் மாறுமா என்பதே கேள்வி.

"இவர்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள், பழைய ஏட்டுக்குத் திரும்பச் சொல்லும் பிற்போக்குவாதிகள்" என்று சில அன்பர்கள் கிளம்புவார்கள். யார் எதிரி? 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்கள் தம் கையாலேயே தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. தமிழுக்கென ஒரு விசைப்பலகை, 'தமிழ்99', பிறந்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. இணையம் என்ற சொல்லே பலருக்கு எட்டாத நாளில், அதில் தமிழுக்கு இடம் பிடித்தவர்கள் நாம். கருவியை வெறுப்பவர்களா நாம்? கொல்லிமலை உழவன், மிளகின் சந்தை விலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வணிகனிடம் பேரம் பேசுவதைக் காண ஆசைப்படுகிறவர்கள் நாம். கருவி உழவன் கையில் இருந்தால் அது வில். உழவனுக்கு எதிரே வாயிலில் நின்றால் அது விலங்கு. நாம் வில்லை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அலையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அலை வரட்டும், விரைந்து வரட்டும் என்கிறோம். 2011 அக்டோபரில், இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வழியாக இணையம் தரும் திட்டத்துக்கு டில்லி ஒப்புதல் அளித்தது. பதினோர் ஆண்டு கழித்து, 2022 சூலையில், நான்காம் தலைமுறை அலை எட்டாத சிற்றூர்கள் 24,680 என்று கணக்கிட்டு, அவற்றுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை இசைவு தந்தது. தரட்டும், வரவேற்போம். ஆனால் கணக்கைச் சற்று கவனியுங்கள். சிற்றூர்களுக்கு அலை எட்டவில்லை என்று எழுதிய அதே கைதான், அடுத்த ஆறு திங்களுக்குள், செயலி கட்டாயம் என்றும் எழுதிற்று! படகு இல்லை என்று ஒரு தாளில். ஆற்றைக் கடந்து வராதவனுக்குக் கூலி இல்லை என்று மறு தாளில்!

நீதிமன்றங்கள் இதை உணராமல் இல்லை. 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், விடுதியில் கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடு சேர்ந்தது என்றது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் ஆழமானது. அமிலவீச்சால் கண்ணிமை சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் கருவி கேட்டது என்ன தெரியுமா? உயிரோடு இருக்கிறாய் என்பதற்குக் கண்ணை இமைத்துக் காட்டு என்றது! இமையே இல்லாதவர் எப்படி இமைப்பார்? இமைக்காதவர் இல்லாதவர் ஆகிவிடுவாரா? மின்வழிச் சேவைகளை அணுகுவது, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அவர்களுக்கு ஏற்றவாறு முறைகளை மாற்றுங்கள் என்று ஆணையிட்டார்கள்.

இமை இல்லாதவருக்குப் பொருந்தும் அந்த நீதி, ரேகை இல்லாத விரலுக்குப் பொருந்தாதா? அலை இல்லாத மலைக்குப் பொருந்தாதா? வாழ்வுரிமை சமவெளிக்கு மட்டும் எழுதப்பட்டதா?

கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் தொடுத்த அம்பு ஒன்று. அது யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, உடும்பில் சென்று தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பிறகு காரி வந்தான்; ஓரியைக் கொன்றான்; கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். மலையைக் கொடுத்தவனும் கேட்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை, மலையில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. மன்னர் காலம் அது, போகட்டும். இது மக்களாட்சிக் காலம். இப்போதாவது கேட்க வேண்டாமா?

நம் கோரிக்கையும் ஓரியின் அம்பைப் போல ஒன்றே ஒன்றுதான். அலை எட்டாத இடத்தில், ரேகை பதியாத விரலில், கருவியின் சொல் இறுதிச் சொல்லாக இருக்கக் கூடாது. ஏட்டில் எழுதிய வருகையும், ஊரார் அறிந்த சாட்சியும், அலுவலர் இட்ட கையெழுத்தும் கருவிக்கு இணையாகச் செல்ல வேண்டும். கருவி வாய் திறக்கவில்லை என்பதற்காக எவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை என்று விதி எழுதப்பட வேண்டும். முதலில் அலை, பிறகு ஆணை. இந்த வரிசை மாறக் கூடாது.

அந்த ஒரு விதி போதும். அது ஐந்து இடத்தில் பாயும். உழைத்தவளின் கூலி கைக்கு வரும். அட்டைக்குரிய அரிசி வீட்டுக்கு வரும். ஓய்வூதியம் மூத்தோர் மடிக்கு வரும். மருத்துவ உதவி வேண்டிய வேளைக்கு வரும். ஐந்தாவதாக, எல்லாவற்றினும் மேலானதாக, "உனக்கு என்னைத் தெரியாதா?" என்று கேட்கும் மூதாட்டிக்கு, "தெரியும் பாட்டி, அது போதும்" என்று சொல்லும் துணிவு அலுவலருக்கு வரும்.